கூர்மூலையும் உருண்டைக் கோலும்

சில மாதங்களுக்கு முன்னர் என் தங்கையின் மகன் தன் கணனியைக் கொண்டுவந்து என் முன்னே வைத்தான். அவன் பொறியியல் கற்று ஒரு சிறு பட்டறையிலே வரைவாளனாகத் தொழில் புரிபவன். திரையிலே, நீர் இறைக்கும் பம்பி ஒன்றைத் தாங்குவதற்குரிய அலுமினியத் தாங்கியின் உருவம் நின்றது. அடித்தட்டு ஒன்று, அதன்மீது செங்குத்தாக எழும் சுவர் ஒன்று, சுவருக்கு அணித்தாகத் திருகாணி செல்வதற்கென ஒரு வட்ட மேடை. “மாமா, சுவரும் தட்டும் கூடுகின்ற இந்த உள்மூலையை 6 மில்லிமீற்றர் ஆரையில் வளைக்கச் சொன்னால் மாட்டேன் என்கிறது” என்றான். மென்பொருள் செந்நிறத்தில் ஒரேயொரு வரி எழுதியிருந்தது. அந்த விளிம்பை வளைக்க இயலவில்லை என்பதே அதன் பொருள். காரணம் யாதும் கூறப்படவில்லை.

இதே தடை முன்னரும் ஒருமுறை வந்ததாம். அப்போது அவன் 6 என்று பார்த்தான். 5 என்று பார்த்தான். இடையிலுள்ள எண்களைச் சோதிக்கப் பொறுமையின்றி நேரே அரை மில்லிமீற்றருக்கு இறங்கினான். மென்பொருள் இசைந்தது. வரைபு பட்டறைக்குச் சென்றது. அந்தத் தாங்கி ஐந்து மாதம் உழைத்தது. பின்னர் அந்த மூலையிலேயே வெடித்து முறிந்தது. பம்பி விழுந்த வேளையில் அருகே ஒருவரும் நில்லாதது நல்லூழ் என்றே சொல்லவேண்டும்.

இரண்டு முகங்கள் கூடும் கூர்மூலையை வளைவாக நிரப்புவதை ஆங்கில வழக்கைப் பின்பற்றி நம்மவரும் ஃபில்லெற் என்றே சொல்லுகின்றனர். பார்ப்பதற்கு அது ஓர் அலங்காரம் போலத் தோன்றும். ஆயினும் அந்தச் சிறு வளைவுக்குப் பின்னால் ஏறத்தாழ நூற்றெண்பது ஆண்டு வரலாறு உண்டு; அதிற் பெரும்பகுதி மனித உயிர்களைக் கொடுத்துக் கற்ற பாடம். மருமகனுடைய வினாவுக்கு விடை தேடப் புகுந்த நான் அந்த வரலாற்றுக்குள்ளே சென்று சேர்ந்தேன்.

1842ஆம் ஆண்டு மே மாதம் 8ஆம் நாள், ஒரு ஞாயிற்றுக்கிழமை. பிரான்சு நாட்டு மன்னர் லூயி பிலிப்பைச் சிறப்பிக்கும் விழாவை ஒட்டி வெர்சேய் அரண்மனைப் பூங்காவின் நீரூற்றுகளைக் காணச் சென்ற மக்கள், மாலையில் பாரிசு நகருக்குப் புகையிரதத்திலே திரும்பிக்கொண்டிருந்தனர். வண்டித்தொடரை இழுத்துச் சென்றவை இரண்டு இயந்திரங்கள். மெடோன் என்னும் இடத்தை அண்மித்தபோது முன் இயந்திரத்தின் அச்சு முறிந்தது. பின்னால் வந்த இயந்திரம் அதன்மேல் மோத, பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறித் தீப்பற்றின. பயணிகள் இடையிலே இறங்கிவிடாதிருக்கப் பெட்டிகளின் கதவுகளைப் பூட்டிவைப்பது அக்காலத்து வழக்கம். பூட்டிய பெட்டிகளுக்குள்ளே ஐம்பதுக்கும் மேற்பட்டோர் எரிந்து மாண்டனர். தென்துருவக் கடல்களுக்குச் சென்று மீண்ட புகழ்பெற்ற கடலோடி துமோன் துர்வில், தம் மனைவியோடும் மகனோடும் அங்கே உயிர் துறந்தார். பனிப்பாறைகளுக்குத் தப்பியவரை ஓர் இரும்பு அச்சின் கழுத்து கொன்றது.

அச்சு ஏன் முறிந்தது? நல்ல இரும்பு நாரிழை போன்ற அமைப்பை உடையது. ஓயாத அதிர்ச்சியால் அது நாளடைவிற் பளிங்கு போல மாறி நொறுங்கிவிடுகிறது என்பதே அக்காலத்துப் பொறியியலாளர் பலரின் கொள்கையாக இருந்தது. இதை மறுத்தவர் எடின்பரோவிற் பிறந்த இளைஞர் ஒருவர். வில்லியம் ராங்கின் என்பது அவர் பெயர்; பிற்காலத்தில் வெப்ப இயக்கவியலை நிலைநாட்டியவர்களுள் ஒருவராக அவரை உலகம் அறிந்தது. 1843இல், இருபத்துமூன்று வயதைத் தொடும் பருவத்தில், இலண்டனிலுள்ள குடிசார் பொறியியலாளர் நிறுவனத்துக்கு அவர் ஒரு கட்டுரை அளித்தார். முறிந்த அச்சுகளை எடுத்து முறிந்த வாயை அவர் உற்றுநோக்கினார். தடித்த அச்சு, மெல்லிய கழுத்தாக ஒடுங்கும் தோளிலே, வெட்டியது போன்ற கூர்மூலை இருந்தது. அம்மூலையைச் சுற்றி மயிரிழை போன்ற ஒரு வெடிப்புத் தொடங்கி, வண்டி ஓட ஓட உள்நோக்கிச் சென்று, நடுவே எஞ்சிய நல்லிரும்பு சுமை தாங்கமாட்டாத நாளிலே முறிவு நேர்ந்திருந்தது. தோளைக் கூர்மையாகக் கடையாமல் பெரிய வளைவோடு அமைத்தல் வேண்டும் என்றும், அந்த வளைவைக் கடைசற்பொறிக்குச் செல்லுமுன் சம்மட்டியாலேயே ஆக்குதல் வேண்டும் என்றும், அப்பொழுதே இரும்பின் நார்கள் அறுபடாமல் வளைந்து செல்லும் என்றும் அவர் எழுதினார். கூர்மூலையை நோக்கி அறிவியல் விரல் நீட்டிய முதல் எழுத்துகளுள் இது ஒன்று எனக் கொள்வதிலே தவறில்லை.

ராங்கின் கண்டதை அளந்து காட்டியவர் செருமானியரான அவுகுஸ்து வோலர். புருசிய நாட்டுப் புகையிரதப் பகுதி ஒன்றிலே பணிபுரிந்த அவர், 1850களின் இறுதி தொடங்கி 1870 வரையில், அச்சுகளைச் சுமையோடு இலட்சக்கணக்கான முறை சுழற்றிச் சுழற்றிச் சோதித்தார். ஒருமுறை ஏற்றினால் எளிதாகத் தாங்கும் சுமை, பன்முறை மாறி மாறி வரும்போது உலோகத்தைக் கொன்றுவிடும் என்பது அவர் நிறுவிய உண்மை. இதனையே இன்று உலோகக் களைப்பு என்கின்றோம். மனிதன் உறங்கினாற் களைப்பு நீங்கும். உலோகத்துக்கு அந்தப் பேறு இல்லை.

அறிவியலாளர் இவ்வாறு ஆராய்ந்துகொண்டிருக்க, வார்ப்புப் பட்டறையிலே மாதிரியுருச் செய்யும் தச்சர்கள் கூர்மூலையை வேறொரு காரணத்துக்காகவே வெறுத்தனர். வார்ப்புக்குரிய மர மாதிரியிலே உள்மூலை கூராக இருந்தால், அதனைச் சுற்றி இடிக்கும் மணல் அவ்விடத்திலே கூர்முனையாகி உதிர்ந்துவிடும். உருகிய உலோகம் உறையும்போது இரு முகங்களிலிருந்தும் வளரும் பளிங்குகள் அந்த மூலையிலே ஒரு தளமாக மோதி நின்று, பலவீனமான ஒரு பொருத்தை விட்டுவைக்கும். ஆதலால் மூலைகளிலே மெழுகு நாடாவையோ தோல் நாடாவையோ வைத்து நிரப்பினர். மெழுகை அழுத்திப் படியவைக்க அவர்கள் கையாண்ட கருவி ஒன்று உண்டு. சிறு கோல், அதன் முனையிலே ஓர் உலோக உருண்டை. உருண்டையைச் சற்றே சூடாக்கி மூலை வழியே இழுத்துச் சென்றால், இரு முகங்களையும் ஒருங்கே தொட்டவாறு அது செல்லும். அது சென்ற வழியே மெழுகு வழவழவென்று வளைந்து கிடக்கும். எந்த ஆரையில் வளைவு வேண்டுமோ அந்த ஆரையுள்ள உருண்டையை எடுத்தாற் போதும். இந்த உருண்டைக் கோலை மறவாமல் நினைவில் வைத்திருங்கள். பின்னர் அதனிடம் மீண்டும் வருவோம். வளைவைப் பெரிதாக்கிக்கொண்டே போகலாமா என்றால், அதுவும் ஆகாது. மூலையிலே உலோகம் திரண்டுவிடின் அது மற்றைய இடங்களுக்குப் பின்னரே உறையும். உள்ளே குழி விழும். எல்லையறிந்து வளைப்பதே தச்சனுடைய திறமை.

கூர்மூலையிலே தகைப்பு எவ்வளவு பெருகுகின்றது என்பதைக் கணக்கிட்டுக் காட்டியவர் கேம்பிறிட்ஜ் ஆசிரியரான சார்ள்ஸ் இங்கிலிஸ். கப்பற் கட்டுமானப் பொறியியலாளர் முன்னிலையில் 1913இல் அவர் படித்த கட்டுரை இன்றளவும் மேற்கோளாக விளங்குவது. ஒரு தகட்டை இருபுறமும் இழுக்கின்றோம். அதன் நடுவே வட்டத் துளை ஒன்று இருப்பின், துளையோரத்திலே தகைப்பு 3 மடங்காகின்றது. துளை நீள்வட்டமாகி, இழுக்கும் திசைக்குக் குறுக்கே அதன் நீளம் அகலத்தைப்போற் பத்து மடங்காகுமாயின், முனையிலே தகைப்பு 21 மடங்காகும். முனை கூராகக் கூர அந்த எண்ணுக்கு எல்லையே இல்லை. உயிரைக் குடிப்பது துளையின் அளவன்று, முனையின் கூர்மையே என்பது இதனாற் பெறப்படும். வெடிப்பு ஓடும் தகட்டிலே, வெடிப்பின் நுனியில் ஒரு வட்டத் துளையிட்டால் அது மேலும் ஓடாது நிற்கும் என்பதைப் பட்டறைத் தொழிலாளர் கைப்பழக்கமாக அறிந்திருந்தனர். அதன் காரணத்தையும் இந்தக் கணக்கே சொல்லிற்று.

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கா பெருந்தொகையாகப் பற்றவைத்துக் கட்டிய கப்பல்களிற் சில, நடுவே பிளந்தன. குளிரிலே நொறுங்கும் உருக்கும் பற்றாசின் குறைகளும் காரணங்களாயின. சரக்கறை வாயின் சதுர மூலைகளிலிருந்து வெடிப்புகள் புறப்பட்டதும் காணப்பட்டது. மூலைகளை வளைத்துத் திருத்தினர். இதனைச் சுருங்கக் கூறி மேலே செல்வோம். ஏனெனில் யாவரும் அறிந்த கதை வானத்திலே நிகழ்ந்தது.

பிரித்தானியரின் கொமெற் விமானம் 1952 மே 2ஆம் நாள் இலண்டனிலிருந்து யொகன்னஸ்பேர்க்குக்குப் பறந்து, பயணிகளை ஏற்றிச் சென்ற முதலாவது தாரை விமானச் சேவையைத் தொடங்கிற்று. அதே ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் அச்சேவை கொழும்புக்கும் நீண்டது. நாற்பதாயிரம் அடி உயரத்திலே அதிர்வின்றிச் செல்லும் வெள்ளி நிறப் பறவையை வியந்தோரில் நம் நாட்டவரும் இருந்தனர். அத்தனை உயரத்திலே மனிதர் மூச்சுவிடவேண்டுமாயின் உள்ளே காற்றை அழுத்தி அடைக்கவேண்டும். ஆகவே ஒவ்வொரு பறப்பிலும் விமானத்தின் மெல்லிய உடல் ஒருமுறை விம்மி ஒருமுறை தளரும். வோலருடைய அச்சுகள் சுழன்றது போலவே இதுவும்.

1954 சனவரி 10ஆம் நாள், சிங்கப்பூரிலிருந்து இலண்டன் நோக்கி வந்த கொமெற் ஒன்று, உரோமை விட்டு எழுந்து எல்பாத் தீவுக்கு அண்மையில் வானிலேயே சிதறிக் கடலில் வீழ்ந்தது. 35 பேர் மாண்டனர். சேவையை நிறுத்தினர், ஆராய்ந்தனர், ஐயத்துக்கு இடமான பகுதிகளைத் திருத்தி மீண்டும் பறக்கவிட்டனர். ஏப்பிரல் 8ஆம் நாள் மற்றொன்று நேப்பிள்சுக்கு அண்மையில் அதே விதமாகக் கடலில் வீழ்ந்தது; 21 பேர் மாண்டனர். அதன்பின் அவ்வகை விமானத்தின் பயணிகள் சேவை நிறுத்தப்பட்டது.

பாண்பரோவிலுள்ள அரச விமான ஆய்வுநிலையம், ஆர்ணல்ட் ஹோல் தலைமையிலே ஒரு காரியஞ் செய்தது. முழு விமான உடல் ஒன்றைப் பெருந்தொட்டிக்குள் வைத்து, உள்ளும் புறமும் நீர் நிரப்பி, உள்நீரின் அழுத்தத்தை ஏற்றியும் இறக்கியும் பறப்புகளைப் போலச் செய்தனர். காற்றாயின் உடல் வெடிக்கும்போது குண்டுபோற் சிதறும். நீராயின் வெடித்த இடம் வெடித்தபடியே நின்று சான்று கூறும். அந்த உடல் முன்னரே 1,221 முறை பறந்திருந்தது. தொட்டியிலே மேலும் 1,836 முறை. ஆக, 3,057ஆம் முறையிலே அது கிழிந்தது. கிழிசல் தொடங்கிய இடம் ஒரு சாளர வாயின் மூலை. எல்பாக் கடலடியிலிருந்து எடுத்த துண்டுகளிலோ, கூரையிலே வானொலி உணர்கொம்புக்கென வெட்டிய சிறு சாளரத்தின் மூலையருகே, ஓர் ஆணித்துளையிலே, களைப்பின் வடு காணப்பட்டது. நம்முடைய இந்த வானொலியின் உறவுப் பொருளொன்று அக்கொடுமைக்கு வாயிலாக அமைந்ததை எண்ணும்போது மனம் ஒருகணம் நிற்கின்றது.

இங்கே ஒரு திருத்தம். கொமெற்றின் சாளரங்கள் சதுரமாக இருந்தமையால் அது வீழ்ந்தது என்று பலரும் எழுதுவர். அவை சதுரத்தை ஒத்தவையே. எனினும் அவற்றின் மூலைகள் வளைக்கப்பட்டே இருந்தன. வளைவு போதாது என்பதும், அதனருகே ஆணித்துளைகள் இருந்தன என்பதும், மூலையிலே கூடிய தகைப்பு கணக்கிட்டதிலும் மிகுதி என்பதுமே உண்மை. வளைவு உண்டா இல்லையா என்று கேட்பதோடு நில்லாது, எவ்வளவு வளைவு என்று கேட்பதே பொறியியல். என் மருமகனுடைய அரை மில்லிமீற்றரும் ஒரு வளைவுதான் அல்லவா? 1958இல் மீண்டும் சேவைக்கு வந்த நான்காம் வகைக் கொமெற்றுக்குத் தடித்த உடலும் வட்டச் சாளரங்களும் அமைந்திருந்தன.

இனிக் கணனிக்கு வருவோம். தாளிலே வரைந்த காலத்தில் வரைவாளனுக்கு இந்தத் தொல்லை இல்லை. மூலையிலே ஒரு சிறு வில்லைப் போட்டு, “ஆரை 6” என்று எழுதிவிட்டால் அவன் கடன் முடிந்தது. மூன்று விளிம்புகள் ஒன்றுகூடும் உச்சியிலே அந்த வளைவுகள் எவ்வாறு கலக்கும் என்பதை மாதிரித் தச்சனின் கட்டைவிரல் தீர்த்துவைக்கும். கணனிக்குக் கட்டைவிரல் இல்லை. 1970களின் தொடக்கத்தில் கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகக் கணனி ஆய்வுகூடத்திலே, சார்ள்ஸ் லாங் நடத்திய குழுவில், இயன் பிரெய்ட் என்பார் திண்ம உருக்களை முகங்கள், விளிம்புகள், உச்சிகள் என்னும் கணக்கேடாகச் சேமிக்கும் ‘பில்ட்’ என்னும் செயல்நிரலை ஆக்கினார். இவர்கள் 1974இல் ‘ஷேப் டேட்டா’ என்னும் நிறுவனத்தை ஏற்படுத்தி, 1978இல் ‘ரோமுலஸ்’ என்பதை வெளியிட்டனர். அதன் வழித்தோன்றலான ‘பாராசொலிட்’, இன்று பல நிறுவனங்களின் வரைபு மென்பொருள்களுக்குள்ளே அடித்தளமாக இருந்து உழைக்கின்றது.

திண்மத்தின் கணக்கேடு என்றேன். பாடசாலையிலே பயின்ற ஒய்லரின் தொடர்பு நேயர்கள் நினைவிலிருக்கும். உச்சிகளின் தொகையிலிருந்து விளிம்புகளைக் கழித்து முகங்களைக் கூட்டினால் 2 வரும். சதுரமுகிக்கு 8 உச்சி, 12 விளிம்பு, 6 முகம். அதன் ஒரு விளிம்பை வளைத்துப் பாருங்கள். ஒரு விளிம்பு மறைந்து அவ்விடத்தே புதிய முகம் ஒன்று பிறக்கும். அதற்கு நான்கு எல்லை விளிம்புகள். இரு முனைகளிலும் ஒவ்வோர் உச்சி இரண்டாகும். இப்பொழுது உச்சி 10, விளிம்பு 15, முகம் 7. பத்திற் பதினைந்தைக் கழித்து ஏழைக் கூட்டினால் மீண்டும் 2. பன்னிரண்டு விளிம்புகளையும் வளைத்தால் முகம் 26, விளிம்பு 48, உச்சி 24 என்று பெருகும். இந்தக் கணக்கிலே ஒன்று பிசகினும் திண்மம் திண்மமாக நில்லாது. எங்கோ வாய் திறந்த பை ஆகிவிடும். மென்பொருள் மறுப்பது இதனாலேதான்: பிழையான திண்மத்தை ஆக்கித் தருவதிலும் வாளாவிருப்பது மேல் என்று அது கருதுகின்றது.

அந்தப் புதிய முகத்தின் வடிவத்தை எவ்வாறு காண்பது? அமெரிக்காவின் ரொச்செஸ்ரர் பல்கலைக்கழகத்திலே ரோசிஞ்ஞாக், ரெக்கீச்சா என்னும் இருவர் 1984இல் மாறா ஆரை வளைவுகளைப் பற்றி எழுதிய கட்டுரை இத்துறையிலே பெயர்பெற்றது. இன்று பெரும்பாலான மென்பொருள்கள் கைக்கொள்ளும் வழி இது: இரு முகங்களையும் தொட்டபடி ஒரு பந்தை விளிம்பு வழியே உருட்டு. பந்தின் மையம் ஒவ்வொரு முகத்திலிருந்தும் ஓர் ஆரைத் தூரத்திலேயே இருக்கும். ஆதலால் இரு முகங்களையும் ஆரையளவு நகர்த்தி, அவை வெட்டும் கோட்டைக் கண்டால் அதுவே மையத்தின் பாதை. பந்து தொட்டுச் சென்ற இரு கோடுகளிலே பழைய முகங்களைக் கத்தரித்து, இடையிலே பந்தின் தடத்தைத் தைத்துவிடு. இரு தளங்களுக்கிடையே அத்தடம் உருளையின் துண்டு. தட்டின்மேல் நிற்கும் வட்டத் தூணின் அடியிலே அது நடுவே துளையிட்ட உளுந்து வடையின் உட்பக்கத்தை ஒத்தது. தச்சனுடைய உருண்டைக் கோல் எண்களாக மாறிக் கணனிக்குள்ளே குடிபுகுந்துவிட்டதைக் காண்கிறீர்கள். ஒரு வேறுபாடு மட்டும் உண்டு: கணனியின் பந்து ஆவிப் பந்து. அதன் மறுபுறம் வேறு பொருளை ஊடுருவினாலும் அதற்குக் கவலை இல்லை. தொடும் கோடுகள் மட்டுமே அதன் கணக்கு.

இவ்வளவும் விளங்கினால் மறுப்பின் காரணங்கள் தாமே விளங்கும். குழிந்து வளையும் சுவரின் ஆரை 4 மில்லிமீற்றராக இருக்க, 6 மில்லிமீற்றர்ப் பந்து அதனுட் படியாது. விளிம்புத் தொடரின் இரு துண்டுகள் ஒன்றுக்கொன்று தொடலியாக அமையாது சிறிதே மடங்கியிருப்பின், பந்து அங்கே தடுமாறும். வேறு மென்பொருளிலிருந்து கொணர்ந்த உருவாயின், கண்ணுக்குப் புலப்படாத இடைவெளிகள் மூலைகளிலே இருக்கும். பாராசொலிட் இரு புள்ளிகளை ஒன்றெனக் கொள்ளும் எல்லை ஒரு மில்லிமீற்றரின் இலட்சத்தில் ஒரு பங்கு. உச்சியொன்றிலே புறவிளிம்புகளும் உள்விளிம்பும் கலந்து கூடுமாயின், எதை முதலில் வளைப்பது என்பதைப் பொறுத்து விடை மாறும். 10 மில்லிமீற்றர்த் தகட்டின் இரு புறத்தையும் 5, 5 என்று வளைத்தால், இடையிலுள்ள முகம் சரியாகச் சுழியாகி மறையும். அதைக் கணக்கேட்டில் எவ்வாறு எழுதுவது என்று தெரியாமற் கணனி திகைக்கும். பலர் 4.99 என்று எழுதித் தப்புவர். தப்பலாம், ஆனால் 0.02 மில்லிமீற்றர் அகலமுள்ள நாடா போன்றதொரு முகம் எஞ்சி நிற்கும். பின்னர் தகைப்பைக் கணக்கிட வருபவனின் வலைப்பின்னலை அது பாழாக்கும். தகடு முழுவதும் அரைவட்டமாக வேண்டுமாயின், மூன்று முகங்களையும் ஒருங்கே தொடும் முழுவளைவு என்னும் கட்டளையைத் தேடுவதே முறை.

முகம் போதாமல் வளைவு அயல் முகத்தின்மேல் வழிவதே எல்லாவற்றிலும் அடிக்கடி நேர்வது. பிரெய்ட் அவர்களே 1997இல், விளிம்புக்கு அப்பாலும் பரவிச் சென்று அயலிலுள்ளவற்றை விழுங்கும் வளைவுகளைப் பற்றித் தனியே ஒரு கட்டுரை எழுதினார் என்றால் இதன் அருமை விளங்கும். ஒழுங்கு பற்றியும் ஒரு சொல். 1988இல் வந்த ‘புரோ எஞ்சினியர்’ முதலாக, உருவம் ஆக்கப்பட்ட படிகளை வரிசையாகச் சேமித்து, முன்னைய படியைத் திருத்தினாற் பின்னையவற்றையும் மீளக் கணிக்கும் முறை பரவிற்று. அந்த வரிசையிலே சாய்வுகளையும் சுமை தாங்கும் பெரிய வளைவுகளையும் முதலிலும், கையைக் கிழியாதிருக்க இடும் சிறு வளைவுகளை இறுதியிலும் வைப்பது பழகியவர் வழக்கம். என் மருமகனோ, அழகு கருதி ஒரு மில்லிமீற்றர் வளைவுகளை முதலிலேயே எங்கும் தூவியிருந்தான். படிகளைப் பின்னோக்கி நகர்த்தி அவற்றை நீக்கச் சொன்னேன். ஆயினும் 6 ஏறவில்லை.

“எந்த எண்ணிலே மறுக்கத் தொடங்குகிறது என்று பார்” என்றேன். 3 ஏறியது. 4.5 ஏறியது. 5 ஏறவில்லை, 4.99 ஏறியது. ஆகவே அந்த இடத்திலே 5 மில்லிமீற்றர் அளவுள்ள ஏதோ ஒன்று இருக்கவேண்டும். அளந்தான். சுவருக்கும் திருகாணி மேடைக்கும் இடையே, மிகக் குறுகிய இடத்திலே, தரையின் அகலம் சரியாக 5. செங்குத்து மூலையிலே 6 மில்லிமீற்றர்ப் பந்து தரையைத் தொடுவது சுவரிலிருந்து 6 மில்லிமீற்றர்த் தூரத்தில். அங்கே தரையே இல்லை, மேடை நிற்கின்றது. முறிந்த பழைய தாங்கியின் வரைபையும் திறந்தான். அங்கும் அதே 5.

“அப்படியானால் மேடையை 2 மில்லிமீற்றர் தள்ளிவிடுகிறேன், மாமா” என்றான். தள்ளினான்; வளைவு ஏறியது. மறுநாள் அந்த வரைபைப் பட்டறையிலே உலோகம் செதுக்கும் மூத்த தொழிலாளரிடம் கொண்டுபோனபோது, அவர் வரைபைப் பாராமல் தம் கருவிப் பெட்டியைத் திறந்து, உருண்டை முனையுடைய வெட்டுக்கருவி ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தாராம். 6 மில்லிமீற்றர் ஆரை. ஆகவே 12 மில்லிமீற்றர்த் தடிப்பு. கணனியின் ஆவிப் பந்து 7 மில்லிமீற்றர் இடைவெளியிலே புகுந்து சென்றுவிடும். உருக்குப் பந்து புகாது. சிறிய கருவியாற் சிறிது சிறிதாகவும் செதுக்கலாம். ஆனால் சுமை தாங்கும் மூலையிலே படிப்படியான கீறல்களை விட்டுவைக்க அவருக்கு மனமில்லை. இடைவெளி 13 வேண்டும் என்றார். மேடை மொத்தம் 8 மில்லிமீற்றர் நகர்ந்தது. அதனோடு பொருந்தவேண்டிய அடிச்சட்டத்தின் துளையையும் புதிதாகத் துளைக்கவேண்டியிருந்தது. துளைத்தார்கள்.